குலதெய்வம் இருக்க விக்கா எதற்கு?

காட்பாடி நிலா

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் பேகன் வழிக்கு வந்துவிட்டேன். (பேகன் என்றால் மயிலுக்குப் போர்வை கொடுத்தவரா என்று என் தம்பி ஏற்கெனவே கேட்டுவிட்டான். அந்த ஜோக் வேண்டாம்.) கிறித்தவம் வருவதற்கு முன் ஐரோப்பாவில் இருந்த தெய்வங்களையும் இயற்கை வழிபாட்டையும் இந்தக் காலத்தில் மறுபடி கையில் எடுப்பவர்களுக்குப் பொதுப்பெயர் அது. அதில் ஒரு பிரிவு விக்கா. ஒரு தேவி, கொம்பு வைத்த ஒரு தேவன், வருடத்துக்கு எட்டுப் பண்டிகை, பௌர்ணமி வழிபாடு.

நான் செய்வது கொஞ்சம்தான். பௌர்ணமியன்று மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு கோலம், ஓர் அகல், ஒரு சொம்பு தண்ணீர். நான்கு திசையையும் கும்பிட்டுவிட்டு அரைமணி நேரம் உட்காருவேன். போன மாதம் அம்மா துணி எடுக்க மேலே வந்தவள் பார்த்துவிட்டு, “யாருக்குடி செய்வினை வைக்கிற?” என்றாள். அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை. நம் குலதெய்வம் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க வெள்ளைக்காரன் சாமி எதற்கு என்பது அவள் கேள்வி. இங்கே யாராவது இப்படி வந்தவர்கள் உண்டா?

குடியாத்தம் தறி

தங்கச்சி, அம்மா கேட்டதில் தப்பில்லை. விக்காவைப் பற்றி நானும் கொஞ்சம் படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் சூனியக்காரர் சட்டத்தை நீக்கியது 1951-ல். விக்காவைத் தொடங்கி வைத்த ஜெரால்டு கார்ட்னர் அதைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டது 1954-ல். எங்கள் வீட்டுத் தறி அதைவிடப் பழையது. ஆதி மதம் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அப்புறம் அந்த எட்டுப் பண்டிகை. பிப்ரவரி 1-ல் ஆடு குட்டி போட்டுப் பால் சுரக்கும் பண்டிகை அயர்லாந்துக்குச் சரி. மே 1-ல் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் பெல்டேன் ஒன்று இருக்கிறது. மூன்று நாளில் கத்திரி ஆரம்பிக்கிற ஊரில் நெருப்பு மூட்ட வேண்டுமா? வெளியே வந்து நின்றால் போதாதா?

அதே மே மாதம், வைகாசி 1-ல், எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்து பார். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை மட்டும் கிளம்பி வரும். தெருவெல்லாம் தேங்காய் உடைகிற சத்தம். கோயிலில் அந்தத் தலையைச் சண்டாளச்சி உடம்பில் பொருத்திக் கண் திறப்பார்கள். பரசுராமன் தாய் தலையை வெட்டி, காக்க வந்த பெண்ணின் தலையையும் வெட்டி, வரம் கிடைத்தபோது அவசரத்தில் தலை மாற்றி ஒட்டிய கதை. இதைவிட ஆழமான தேவியை எந்த இங்கிலீஷ் புத்தகம் காட்டும்?

கறுப்புச்சட்டை

ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு மாறுவதற்கு இவ்வளவு பேச்சா? உள்ளூர் மூடநம்பிக்கை, இறக்குமதி மூடநம்பிக்கை. இரண்டில் எது மலிவு என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆரணிப் பட்டு

சகோதரி, குழம்ப வேண்டாம். தாய்த் தெய்வம், நிலவு, பஞ்சபூதம், திசை வணக்கம் எல்லாமே நம் சனாதன தர்மத்தில் உள்ளவை. பரசுராமன் தாய் ரேணுகாதேவியும் புராணத்தில் வருபவளே. அவள் கோயில் இருக்கிற படவேட்டுக்குப் போய் ஒரு நாள் தங்கிவிட்டு வாருங்கள். ஐரோப்பியர்கள் தொலைத்ததை நாம் தொலைக்கவில்லை. அவர்கள்தான் நம்மைப் பார்த்துக் கற்க வேண்டும்.

குடியாத்தம் தறி

ஆரணி ஐயா, எல்லாம் ஒன்று என்று சொல்வது சுலபம். 2003-ல் கோயிலில் கிடா, கோழி வெட்டக்கூடாது என்று 1950-ம் வருடச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்களே, அப்போது எங்கள் சாமி உங்கள் தர்மத்தில் எங்கே இருந்தது? 2004-ல் சட்டத்தையே நீக்கின பிறகுதான் முனீஸ்வரனுக்குக் கறிச்சோறு கிடைத்தது. மயானக் கொள்ளையன்று பாலாற்றங்கரையில் காளி வேஷம் போட்டவர் உயிர்க்கோழியைக் கடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் எங்களை அணைத்துக்கொள்ள வர வேண்டாம்.

காட்பாடி நிலா

தறி அண்ணா, விக்கா புதிது என்பது எங்களுக்கும் தெரியும். அதன் பழம்பெருமைக் கதையெல்லாம் நிற்காது என்று ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1999-லேயே விரிவாக எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டும் இருப்பவர்கள் நாங்கள். பழையது என்பதற்காக நான் வரவில்லை. பண்டிகை நாளும் கல்லில் வெட்டியதல்ல. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் மொத்த வட்டத்தையும் ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். நானும் பெல்டேனை விட்டுவிட்டு ஆடிப்பெருக்கைப் பிடித்தேன். பாலாற்றில் தண்ணீர் இல்லை, அதனால் அதுவும் டேங்குக்குப் பின்னால்தான்.

குலதெய்வத்துக்கு வருகிறேன். எங்கள் நைனா வீட்டுத் தெய்வம் அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஏழு கன்னிமார். ஏழு கல், ஒரு வேப்பமரம். சின்ன வயதில் அந்தக் கற்களுக்கு மஞ்சள் பூசுவது என் வேலை. கடைசிக் கல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பூசும்போது இடது கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். கல்யாணம் ஆனதும், இனி உனக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் என்றார்கள். சரி என்று போனேன். ஐந்து வருடத்தில் விவாகரத்து. அந்த வீட்டுச் சாமி அந்த வீட்டோடு போயிற்று. போன வருடம் ஏழு கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கத் தலைக்கட்டு வரி வசூலித்தார்கள். நானும் சம்பாதிக்கிறேனே என்று பணத்தை நீட்டினேன். பங்காளிகளில் ஒருவர் வாங்கவில்லை. “பொம்பளைக்குத் தலைக்கட்டு ஏதும்மா?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்போது சொல்லுங்கள், எனக்கு எது குலதெய்வம்? நான் வாசித்த வழியில் பெண் பூசாரியாக நிற்கலாம், தனியாகவும் கும்பிடலாம். நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்பதில்லை.

கடைசித்தெரு

தறி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அம்மன் தலை பொருந்துகிற உடம்புக்கு ஊரே சண்டாளச்சி என்று பெயர் வைத்திருக்கிறது. அந்த உடம்பில்தான் தலைக்கு உயிர். எங்கள் ஊர் அம்மன் தேர் இன்றைக்கும் காலனி முனை வரை வந்து திரும்பிவிடும். பறை அடிக்க நாங்கள் வேண்டும், தேர் வர எங்கள் தெரு வேண்டாம். ஆழமான தேவிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆழம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

நிலா அக்காவுக்கும் ஒன்று. உங்கள் வழி யாரையும் கேட்காது என்கிறீர்கள். கார்ட்னர் காலத்தில் விக்காவில் சேர, உள்ளே இருக்கிற ஒருவர் தீட்சை கொடுக்க வேண்டும். தனியாகச் செய்யலாம் என்பதெல்லாம் பிறகு பரவியது. இப்போதும் இங்கிலீஷ் தெரியாத என் பெரியம்மா அதில் எப்படி நுழைவாள்? அந்தக் கதவுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது, சாவி வேறு கடையில்.

நான் எந்தப் பக்கமும் இல்லை. பேகன் என்ற சொல்லே லத்தீனில் கிராமத்தான் என்ற பொருளில் இருந்து, பிறகு மதத்துக்கு வெளியே இருப்பவன் என்று ஆனது. இங்கே மிஷனரிகள் அதற்குச் சமமாக அஞ்ஞானி என்றார்கள். பட்டிக்காட்டான், அஞ்ஞானி. இரண்டும் எங்கள் தாத்தா கேட்டு வளர்ந்த வசவுகள். இன்றைக்கு வெளிநாட்டில் அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 74,000 பேர் மதம் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள். வசவைச் சட்டையாக மாட்டிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

கறுப்புச்சட்டை

கடைசித்தெரு தோழருக்கு வணக்கம். இவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டு ஏன் பாதியில் நிற்கிறீர்கள்?

இயற்கை வழிபாடு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்தபோது எந்தத் தேவியும் வரவில்லை. வேலூரில் இருந்து ஒரு மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. நாட்டில் எத்தனையோ சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு அதுதான் இன்றும் படிக்கல். ஆற்றைக் கும்பிட்டவர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள்? பூ போட்டார்கள், அதுவும் பிளாஸ்டிக் கவரோடு.

காட்பாடி நிலா

பிளாஸ்டிக் கவர் விஷயத்தில் பதில் சொல்ல வாயில்லை. ஆனால் வழக்குப் போட்டவர்கள் யாரும் ஆற்றைக் கும்பிடாதவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கடைசித்தெரு தம்பி, பூட்டு இருப்பது உண்மை. நான் தமிழில் செய்கிறேன். மந்திரம் என்று ஒன்றும் இல்லை, பாட்டி சொல்லிக்கொடுத்த கன்னிமார் தாலாட்டுதான். அதற்கு விக்கா என்ற பெயர் பொருந்துமா என்று தெரியவில்லை. பெயர் போனால் போகட்டும், பெரியம்மாவை அழைத்து வா. டேங்குக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

ஆரணிப் பட்டு

கன்னிமார் தாலாட்டு என்றால் நான் முதலில் சொன்னதும் அதுதானே! எல்லாம் நம்முடையதுதான்.

கடைசித்தெரு

“நம்முடையது” என்று சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கிறது ஐயா. தேர்தான் வருவதில்லை.

குடியாத்தம் தறி

நேற்று எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நிலா சொன்ன தலைக்கட்டு விஷயம் மனதைக் குடைந்தது. எங்கள் பங்காளிகளும் அப்படித்தான், இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கக் கூடினபோது கேட்டேன், ஒரு பெண் தலைக்கட்டு கொடுத்தால் என்ன என்று. ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மூத்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: “குடுத்தா வாங்கிக்கலாம். நோட்டுல தம்பி பேர்ல எழுதிக்கலாம்.”

காட்பாடி நிலா

அப்படியென்றால் பௌர்ணமிக்கு மாடிதான் அண்ணா.

சிரசுக்கு வருகிறேன். அந்த உடம்பைப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு?

குடியாத்தம் தறி

விடியற்காலையிலேயே தலை கிளம்பிவிடும். முந்தின நாள் சாயங்காலமே ரயிலைப் பிடித்து வந்துவிடு, எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், அண்ணி இருக்கிறாள். கடைசித்தெரு தம்பி, நீயும்தான்.

கடைசித்தெரு

பார்க்கலாம் அண்ணா. வந்தால் செருப்பை எங்கே விடச் சொல்வீர்கள் என்று முதலில் பார்ப்பேன்.