தோட்டத்துக்குள் நடைபாதை வந்தபோது: உங்கள் பக்கம் என்ன நடந்தது?

பண்டாரவளையிலிருந்து

இலங்கை மலையகத்தில், கண்டிப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற பீக்கோ ட்ரெயில் என்கிற சுற்றுலா நடைபாதை பேர் எடுத்த பிறகு, சின்னச் சின்ன நடைபாதைத் திட்டங்கள் எங்கள் பக்கமும் வருகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு திட்டத்துக்குக் கூட்டம் வைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

வேலை நாள், காலை 10 மணி. பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கிற நேரம். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், யார் இறங்கி வருவார்கள்? வேலையை விட்டு நின்ற பெரியவர்கள், தோட்டத் தலைவர், நாலைந்து இளைஞர்கள், அவ்வளவுதான். அவர்களிடம் கையெழுத்து வாங்கி, மக்களைக் கேட்டாயிற்று என்று முடித்துவிட்டார்கள்.

தலைவர் விடவில்லை. கொழுந்தை எடை போட்ட பிறகு, பின்னேரம் கோயிலடியில் திரும்பவும் கூட்டச் சொன்னார். அன்றைக்கு லயமே, வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாரும், திரண்டு வந்தது. வரைபடத்தைத் தரையில் விரித்தார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஓர் அக்கா, பக்கத்தில் இருந்த பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குனிந்து கோட்டின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இது எங்க பீலி, தண்ணி விழுற எடம். பொம்பளைங்க குளிக்கிற எடம். இந்த வழியா கேமராவும் கையுமா வருவாங்களா?" வரைந்தவரிடம் பதில் இல்லை. அப்புறம் இன்னொருவர், மழைக்கு மண் இறங்குகிற இடத்தைக் காட்டினார். பாதை மேட்டு லயத்துக்கு மேலே மாறியது. வெயிலிலும் மழையிலும் அந்த மலையில் நடக்கிறவர்களைக் கேட்காமல் எப்படிக் கோடு போட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

ஹப்புத்தளையிலிருந்து

அண்ணே, எங்களுக்கு இடிக்கிறது வேறு இடத்தில். லிப்டன் சீட் என்கிற மலைக் காட்சியிடத்தைப் பார்க்க தம்பேதன்னை வழியாக வெள்ளைக்காரர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். லயத்தில் ஓர் அறையை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று சில பேர் பதியப் போனோம். முதலில் கேட்டது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். நிலம் அரசாங்கத்துடையது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது, பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற வீடு எங்கள் பெயரில் இல்லை. இப்போது ரொட்டியும் சம்பலும் விற்கிறோம், தங்குகிற காசு டவுனுக்குப் போகிறது. தோட்டத்துக்குள் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தடையில்லாமல் செலவு செய்ய 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். திட்டம் போடும்போதே சபையையும் உட்கார வைத்தால் கழிவறைக்கும் குப்பைக்கும் அலைய வேண்டியதில்லை.

பண்டாரவளையிலிருந்து

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. நேபாளத்தில் அன்னபூர்ணாப் பக்கம் 1986இல் தொடங்கிய திட்டத்தில், மலையேற வருகிறவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் ஊர்க் குழுக்களின் வழியாகவும் வேலைகள் நடக்கின்றன. நம் பக்கம் முதலில் காணியைப் பேச வேண்டும். சபைக்குக் கடிதம் எழுதினால் இங்கே போடுங்கள், எங்கள் தலைவரும் கையெழுத்து வைப்பார்.