தேன் பாட்டில் லேபிள்: எடை எப்படிப் போடுவது?

கேள்வி (மோல்மேன், பர்மா):
மாண்டலே பக்கத்திலிருந்து மாமா டின்னில் அனுப்பும் இலந்தைத் தேனை இத்தனை நாளும் பழைய ரம் பாட்டிலில் ஊற்றி வீட்டிலேயே விற்றேன். இப்போது ஒரு கடைக்காரர் லேபிளோடு கேட்கிறார். புதிதாக அரை லிட்டர் பாட்டில் வாங்கி, 500 கிராம் என்று அச்சடித்தும் விட்டேன். மழைக்குக் காகிதம் ஊறி உரிகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி (ரங்கூன்):
தம்பி, முதலில் தராசில் வைத்துப் பார். தேன் தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்கு 1.4 கிலோ வரும். அரை லிட்டரில் 700 கிராம் போகிறது. 200 கிராம் தானமாகக் கொடுக்கிறாய்! 500 கிராமுக்கு 360 மில்லி பாட்டில் போதும். நானும் வீசை என்ற பர்மிய எடைக்கணக்கில் வாங்கி கிராமில் விற்று ஏமாந்தவள்தான். பர்மிய எழுத்து கட்டாயம் வேண்டும், தமிழை ஓரத்தில் போட்டுக்கொள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தரக் கூடாது என்பதையும் சேர்.

மறுமொழி (தாட்டோன்):
அக்கா சொல்வது சரி. காகிதம் வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அடி. ஒட்டுமுன் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. கழுத்தில் ஒரு சொட்டு வழிந்திருந்தாலும் ஸ்டிக்கர் நிற்காது, எறும்புதான் நிற்கும். உறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கவும் என்று ஒரு வரி போடு; இல்லாவிட்டால் சீனிப்பாகு என்று சண்டைக்கு வருவார்கள்.

கேட்டவர்:
நிறுத்துப் பார்த்தேன் அக்கா, பாட்டில் எடை போக 712 கிராம். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.