வடிகான் பிரேரணை சபைக்கு வருகுது: அதை அடுத்த வருடப் பாதீட்டுக்குள் எப்படிக் கொண்டு போறது?

குறுக்குவீதி கேட்டது:

மட்டக்களப்பு நகருக்குள், திருமலை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு குறுக்கு வீதி. நீளம் 180 மீற்றர் வரும். ஒரு பக்கம் மட்டும் கொங்கிரீட் வடிகான். கீழ்முனையில் அது திருமலை வீதிக்குக் குறுக்கே போகிற மதகில் சேருது. மாரி மழை விட்டு நாலைஞ்சு நாள் போனாலும் கானுக்குள் தண்ணி நிக்குது, நுளம்பும் பெருகுது.

மாநகர சபையின் எங்கட வட்டார உறுப்பினர் அடுத்த மாதாந்த அமர்வில் பிரேரணை கொண்டுவர ஓம் எண்டிட்டார். கிராம அபிவிருத்திச் சங்கத்தாலும் கடிதம் குடுக்கப் போறம். கடிதத்தில் என்ன இருக்க வேணும்? பிரேரணை நிறைவேறினால் வேலை நடக்குமா? பாதீட்டில் சேர்க்க எப்ப ஓட வேணும்? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமா எழுதுங்க.

---

சபைக்குறிப்பு பதில்:

தம்பி, பிரேரணை நிறைவேறிட்டால் காசு வந்திட்டுது எண்டு எடுக்க வேண்டாம். சபை செலவழிக்கிறது பாதீட்டில் உள்ள செலவுத் தலைப்பிலிருந்துதான். தலைப்பு இல்லாத தீர்மானம் கூட்ட அறிக்கையில் ஒரு வரியாக் கிடக்கும். அதனால பிரேரணையின் சொல்லைக் கவனமா எழுதிக் குடுங்க. “வெள்ளம் தேங்குவதால் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்” எண்டு போனால் “பொறியியல் பிரிவின் கவனத்துக்கு” எண்டு முடியும், பிறகு ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லை. இப்பிடிப் போகட்டும்: “இன்ன வீதியின் 180 மீற்றர் வடிகானுக்குப் பொறியியல் பிரிவு மட்ட அளவீடு செய்து, மதிப்பீட்டை இன்ன திகதிக்கு முன் நிதிக் குழுவுக்குச் சமர்ப்பிக்க வேண்டும், அடுத்த ஆண்டுப் பாதீட்டின் மூலதனச் செலவில் அதைச் சேர்க்க வேண்டும்.” ஆர் செய்யிறது, எப்ப, எந்தக் குழுவுக்கு எண்ட மூண்டும் அதுக்குள்ள இருக்கு. அடுத்தடுத்த அமர்வில் “அந்த மதிப்பீடு எங்கே” எண்டு உறுப்பினர் எழும்பிக் கேட்க இடம் கிடைக்கும்.

பிரேரணையை எழுத்தில் முன்கூட்டியே குடுத்தால்தான் நிகழ்ச்சி நிரலில் ஏறும். அமர்வு நடக்கேக்க எழும்பிக் கதைச்சால் அது கதையோட போயிடும். வழிமொழிய வேறு கட்சி உறுப்பினர் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்க. இப்போதைய தேர்தல் முறையில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் பட்டியலாலும் வாறாங்க. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு பல சபைகளில் ஒரு கட்சி தனியா நிண்டு எதையும் நிறைவேற்ற ஏலாது. டிசம்பரில் பாதீடு வாக்கெடுப்புக்கு வரேக்க இந்த இரண்டாவது கை பெரிய பலம்.

கடிதத்தை மாநகர ஆணையாளருக்கு முகவரியிட்டு, முதல்வருக்கும் பொறியியலாளருக்கும் பிரதி போடுங்க. நிர்வாகம் ஆணையாளரின் கையில், முதல்வருக்கு மட்டும் எழுதின கடிதம் திரும்ப ஆணையாளரிடம் போய்ச் சேர நாள் எடுக்கும். ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். வீதியின் பெயர், தொடங்கிற இடமும் முடியிற இடமும் (மின்கம்ப இலக்கத்தோட), கானின் அகலம், ஆழம், தண்ணி நிக்கிற நீளம், வீடுகளின் எண்ணிக்கை, திகதி தெரியிற படம் நாலு. கையால கீறின வரைபடம் காணும். கடிதத்தைச் சபை அலுவலகத்தில் தபால் பதியிற இடத்தில் நேரே குடுத்து உங்கட பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்பி வர வேண்டாம். பின்னால எந்தப் படிக்கும் அந்தத் திகதிதான் ஆதாரம்.

காலம்: ஒவ்வொரு பிரிவும் அடுத்த வருடத் தேவைகளை ஆவணி, புரட்டாதியில் திரட்டத் தொடங்கும். வரைவு ஐப்பசி, கார்த்திகையில் உருவாகும், வருடம் முடிய முன்னம் சபை நிறைவேற்ற வேணும். மதிப்பீடு கையில் இல்லாத வேலைக்கு “வடிகான் திருத்தம் - பொது” எண்ட தலைப்பில் ஒரு மொத்தத் தொகைதான் விழும், அதை எல்லா வட்டாரமும் பிய்க்கும். ஆடிக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்திட்டால் உங்கட வீதிக்குப் பாதீட்டில் தனி உருப்படி கிடைக்கும். தவறினால் நடு வருடத்தில் குறைநிரப்பு மதிப்பீடு (பாதீட்டுக்கு மேலதிகமாச் சேர்க்கிற ஒதுக்கீடு) ஒரு வழி. ஆனால் மேலதிக வருமானமோ மிச்சமோ காட்ட வேணும், கஷ்டம்.

ஒண்டு மட்டும் இப்பவே கேட்கலாம்: மண் அள்ளுறது. அது மீண்டெழும் செலவு (வருடா வருடம் வாற வழக்கமான செலவு), ஆளும் உழவு இயந்திரமும் சபையிட்ட இருக்கு. அதுக்குப் பிரேரணை தேவையில்லை.

---

நீர்மட்டம் பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அளவு இல்லாமல் மதிப்பீடு போட்டால் பழைய கானை உடைச்சு அதே மட்டத்தில் புதுக் கான் கட்டுவாங்க. தண்ணி திரும்பவும் நிக்கும். உங்கட சிக்கல் கான் பழசானது இல்லை, சரிவு.

கொங்கிரீட் கானுக்கு 300 க்கு 1 சரிவு கிடைச்சால் நல்லம், 180 மீற்றருக்கு 60 சென்ரிமீற்றர் இறக்கம். எங்கட ஊர் மட்டமான மணல் தரை, அவ்வளவு கிடைக்கிறது அரிது. உள்பக்கம் வழுவழுப்பாப் பூசி, அடியை ஒடுக்கமா எடுத்தால் 500 க்கு 1 வரை சமாளிக்கலாம், அது 36 சென்ரிமீற்றர். அதுக்குக் கீழ போனால் மணல் படியும், படிஞ்ச மணல் அணை மாதிரி நிக்கும்.

சங்கத்தாலேயே மட்டம் பார்க்கலாம். மேசன்மார் பாவிக்கிற 20 மீற்றர் தெளிவான ரியூப், சென்ரிமீற்றர் குறிச்ச இரண்டு தடி. 15 மீற்றருக்கு ஒரு புள்ளி எண்டால் 12 தரம் நகர்த்த வேணும். ரியூபுக்குள் காற்றுக்குமிழி நிண்டால் எல்லாம் பிழைக்கும், முதலில் இரண்டு முனையையும் பக்கத்தில் பிடிச்சு ஒரே மட்டம் காட்டுதா எண்டு பாருங்க. கீழ்முனை வரை போய், திரும்பி மேலே அளந்து வாங்க. இரண்டுக்கும் 2 சென்ரிமீற்றருக்கு மேல வித்தியாசம் வந்தால் திரும்ப எடுங்க.

மூண்டு அளவு வேணும். வீதி விளிம்பு மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் எவ்வளவு இறங்குது, மேல்முனையில் கானின் ஆழம், கீழ்முனை வீதி விளிம்பிலிருந்து மதகின் அடி எவ்வளவு கீழ. கடைசி அளவில்தான் ஆக்கள் ஏமாறுறது. மதகுக்குள் மணல் நிரம்பியிருக்கும், மணலின் மேல் முகத்தை அளந்திட்டு “மதகு உயரம், ஒண்டும் செய்ய ஏலாது” எண்டு விட்டிடுவாங்க. 12 மில்லிமீற்றர் கம்பியைக் குத்தி, கொங்கிரீட்டில் தட்டிற சத்தம் கேட்கிற வரை இறக்கி அளவுங்க.

---

குறுக்குவீதி எழுதியது:

நன்றி அண்ணா. அளந்தாச்சு. வீதி விளிம்பு 180 மீற்றருக்கு 14 சென்ரிமீற்றர்தான் இறங்குது. மேல்முனையில் கான் 30 ஆழம். கீழ்முனையிலும் 30 தான். மதகில் மணலின் முகம் விளிம்பிலிருந்து 38 கீழ, கம்பி அதுக்குக் கீழ இன்னும் 25 போனது.

---

நீர்மட்டம் பதில்:

விளங்கிட்டுது. கான் முழுக்க ஒரே ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கு, அதனால அதின் சரிவு வீதியின் சரிவுதான்: 180 மீற்றருக்கு 14, ஏறக்குறைய 1300 க்கு 1. தண்ணி நகராது.

500 க்கு 1 வேணும் எண்டால் அடி 36 இறங்க வேணும். வீதி 14 இறங்குது, மிச்சம் 22 ஐ ஆழத்தால் குடுக்க வேணும். மேல்முனையில் 30 இல் தொடங்கினால் கீழ்முனையில் 52. மதகின் உண்மையான அடி 38 + 25 = 63. ஆக மணலை எடுத்தால் 11 சென்ரிமீற்றர் மிச்சமிருக்கு. வேலை செய்யக்கூடிய வீதி இது. மணலோட விட்டால் 52 இல் வாற கான் 38 இல் நிக்கிற மணலில் முட்டும், புதுக் கானும் அந்த 14 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணியைத் தேக்கும்.

மதிப்பீட்டில் “வடிகான் புனரமைப்பு 180 மீற்றர்” எண்டு மட்டும் எழுத விடாதீங்க. 30 இலிருந்து 52 வரை ஆழம் கூடும் எண்டதும், 15 மீற்றருக்கு ஒரு அடிமட்டமும் வரைபடத்தில் இருக்க வேணும். இல்லாட்டி ஒப்பந்தக்காரர் ஒரே அளவு அச்சுப் பலகையை வைச்சு முழுக்க 40 இல் வார்த்திட்டுப் போயிடுவார். கட்டத் தொடங்கிறது கீழ்முனையிலிருந்து. மேலிருந்து தொடங்கினால் கடைசியில் மட்டம் பொருந்தாமல் அடியை உயர்த்தி ஒட்டுவாங்க.

கானின் மூடி: 60 க்கு 50 சென்ரிமீற்றர், தடிப்பு 7.5 எண்டால் ஒண்டு ஏறக்குறைய 54 கிலோ. கொளுக்கி இரண்டு வைச்சால் இரண்டு பேர் தூக்கித் துப்புரவாக்கலாம். வாகனம் ஏறுற படலை வாசலில் 12.5 தடிப்பு, 10 மில்லிமீற்றர் கம்பி, கம்பி அடிப்பக்கம். நிலத்தில் வார்த்த மூடியைத் தலைகீழாய் வைக்கிறது அடிக்கடி நடக்கும், கம்பி மேல்பக்கம் வந்து முதல் லொறியிலேயே வெடிக்கும். வார்க்கும்போதே மேல்பக்கத்தில் ஆணியால் ஒரு அம்புக்குறி கீறி விடச் சொல்லுங்க.

மண்பொறி (மணல் வந்து படியிற குழி) மதகுக்கு முன்னால் ஒண்டு காணும். அந்தக் குழியின் அடியை முழுக்க மூடாமல் கல் பரப்பி விட்டால், மாரி முடிஞ்சு நிலத்தடி நீர் இறங்கினதும் மிச்சத் தண்ணி மணலுக்குள் வத்திடும்.

---

மதகடி பதில்:

ஒரு முக்கியமான விசயம் விடுபட்டுப் போச்சு. திருமலை வீதி ஏ15. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, சி, டி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள்வீதிகள் மாநகர சபை. ஆகவே கான் சபைக்கு, மதகு அதிகார சபைக்கு. மாநகர சபை தன் பாதீட்டில் அந்த மதகைத் தோண்ட ஏலாது. எத்தனையோ பிரேரணை இந்த இடத்தில்தான் நிக்கிறது: சபை “அது எங்கட வீதி இல்லை” எண்டும், மற்றப்பக்கம் “கான் எங்கட இல்லை” எண்டும் சொல்லும், இரண்டு பேரும் சொல்றது உண்மை.

அதனால பிரேரணையை இரண்டாப் பிரியுங்க. ஒண்டு கானுக்கு, மேலே எழுதினபடி. மற்றது, “மதகில் 25 சென்ரிமீற்றர் மணல் படிவை அகற்றுமாறு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மட்டக்களப்பு நிறைவேற்றுப் பொறியியலாளரைச் சபை எழுத்தில் கோர வேண்டும்” எண்டு. அதே கடிதத்தைச் சங்கமும் நேரே குடுக்கட்டும், மண் அகற்றிறது பராமரிப்பு வேலை, பெரிய நிதி தேவையில்லை. மண்முனை வடக்குப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் இதை எழுப்புங்க. சபை அதிகாரியும் வீதி அதிகாரியும் ஒரே மேசையில் இருக்கிற இடம் அது, அங்க ஒருவரை ஒருவர் காட்ட ஏலாது.

மதகின் மற்றப் பக்கத்தையும் போய்ப் பாருங்க. தண்ணி வாவிக்குப் போகிற வழியில் ஆராவது மண் போட்டு நிரப்பியிருந்தால் இந்தக் கணக்கு முழுக்க வீண். கன மழையில் வாவி மட்டம் ஏறி நிக்கிற நாட்களில் எந்தக் கானும் ஓடாது எண்டதையும் வீட்டுக்காரருக்கு முதலே சொல்லி வையுங்க. முகத்துவாரம் வெட்டிறது (வாவித் தண்ணியைக் கடலுக்குத் திறந்து விடுறது) மாவட்ட மட்டத்தில் நீர்ப்பாசனம், விவசாயம், மீன்பிடி எல்லாம் பார்த்து எடுக்கிற முடிவு, மாநகர சபையின் கையில் இல்லை.

தகவல் அறியும் உரிமை: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். சண்டைக்கு எண்டு நினைக்காமல், கோப்பு எந்த மேசையில் இருக்கு எண்டு அறியப் பாவியுங்க. மதிப்பீட்டின் பிரதி, அது போன குழுவின் கூட்ட அறிக்கையில் அந்தப் பகுதி, செலவுத் தலைப்பில் ஒதுக்கின தொகையும் செலவான தொகையும். இவ்வளவு கேட்டால் காணும். “ஏன் செய்யவில்லை” எண்டு கேட்க வேண்டாம், சட்டம் குடுக்கிறது ஆவணத்தை, விளக்கத்தை இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேணும். மறுத்தாலோ பதில் வராட்டிலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு.

---

படலையடி பதில்:

அளவு எடுத்த கையோட வீடு வீடா ஒருக்காப் போங்க. குசினித் தண்ணி, குளியலறைத் தண்ணி எத்தனை குழாயால் கானுக்குள் விழுது எண்டு எண்ணுங்க. மழை இல்லாத நாளிலும் தண்ணி நிக்கிறதுக்கு அதுதான் காரணம், கொழுப்பும் சவர்க்காரமும் சேர்ந்தால் எந்தச் சரிவிலும் படிவு விழும். அந்தக் குழாய்களை வளவுக்குள் உறிஞ்சு குழிக்கு மாத்தாமல் புதுக் கான் கேட்டால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதையே குறிப்பில் எழுதுவார், நிதிக் குழுவில் உங்கட வேலை பின்னுக்குப் போகும். படலைக்கு முன்னால் கானை மூடி ஒரே கட்டியாக் கொங்கிரீட் போட்ட வீடுகளிடமும் இப்பவே எழுத்தில் சம்மதம் வாங்குங்க. வேலை தொடங்கின பிறகு ஒருவர் மறிச்சால் அந்த 4 மீற்றர் பழைய மட்டத்திலேயே நிக்கும், மேல்ப்பக்கத் தண்ணி முழுக்க அங்க தேங்கும்.

வேலைக்காலம் சித்திரையிலிருந்து புரட்டாதிக்குள். ஐப்பசியில் தோண்டினால் குழி இடியும், மணல் திரும்ப மதகுக்குள் போகும், வருடக் கடைசியில் கொடுப்பனவுப் பட்டியல் முடிக்க எண்டு அவசரத்தில் வார்ப்பாங்க.

---

குறுக்குவீதி எழுதியது:

பிரேரணையை இரண்டாப் பிரிச்சு எழுதி உறுப்பினரிட்டக் குடுத்தாச்சு. மட்ட அளவையும் இணைச்சிருக்கிறம். ஒரு சந்தேகம்: அதிகார சபை மதகைத் துப்புரவாக்கப் பிந்தினால், சபை கானை முதலில் கட்டலாமா?

---

நீர்மட்டம் பதில்:

கட்டலாம், ஆனால் கடைசி 10 மீற்றரை விட்டு வைக்கச் சொல்லுங்க. அடிமட்டம் மதகின் 63 ஐ வைச்சுக் கணக்கிட்டதாகவே இருக்கட்டும், மணலைப் பார்த்து உயர்த்த வேண்டாம். மதிப்பீட்டிலும் அந்த 10 மீற்றரைத் தனி உருப்படியாப் போட்டால், மதகு திறந்த பிறகு அந்தத் துண்டுக்குப் புதுசா அனுமதி தேடத் தேவையில்லை.