வெண்ட் பிளாக்குக்குத் தமிழில் என்ன பெயர்? நிழற்கல், வளிக்கல், பலகணிக்கல், காலதர்க்கல்

மடல் 1 – கட்டட வரைஞர், பெட்டாலிங் ஜெயா

வணக்கம்.

1950, 60களின் நவீன வீடுகளுக்கான சொற்பட்டியலில் கூரைப் பகுதி முடிந்துவிட்டது. 'பட்டாம்பூச்சிக் கூரை'யை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பதிவில் ஒரு செய்தி மட்டும் சேரவேண்டும். இரண்டு சரிவும் நடுவில் வந்து கூடுவதால் பெய்யும் மழை முழுவதும் ஒரே நடுவாய்க்காலில்தான் இறங்கும். கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவன ஊர், அங்கே அது தாங்கும். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் கோலாலம்பூரில் சருகு அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கிவிடும்.

இப்போது வெண்ட் பிளாக். இங்கே மலேசியாவில் பழைய டேரஸ் வீடுகளில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், மாடிப்படி ஓரத்திலும் சமையல்கட்டுப் பின்சுவரிலும் பதித்திருக்கும் துளைபோட்ட சிமெண்டுக் கல். பட்டர்வொர்த் அண்ணன் 'நிழற்கல்' என்று முன்மொழிந்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லால் முடியாத வேலையை அந்தப் பெயர் சொல்கிறது. பெயரை நம்பி மேற்குச் சுவரில் பதித்தால் வீட்டில் இருப்பவர்கள் வெந்துபோவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகம் 190 × 190 மி.மீ., கனம் 90 மி.மீ., 60 மி.மீ. சதுரத் துளை நான்கு. துளையின் உயரத்தைக் கனத்தால் வகுத்தால் 0.67, அதற்குரிய கோணம் ஏறக்குறைய 34 பாகை. சூரியன் அதற்கு மேலே நிற்கும்வரை நேர்வெயில் உள்ளே வராது, கீழே இறங்கியதும் வந்துவிடும். கோலாலம்பூரில் பொழுது உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1.15க்கு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அங்கிருந்து மணிக்கு 15 பாகை வீதம் இறங்குகிறது. ஆக, மாலை 5 மணி தொடங்கி 7 மணி தாண்டிப் பொழுது சாயும்வரை மேற்கு வெயில் அறைக்குள் அடிக்கும். துளை 90 மி.மீ. உயரமுள்ள வேறு கல்லானால் எல்லைக் கோணம் 45 பாகை, வெயில் 4.15க்கே நுழைந்துவிடும்.

காற்றுக்கு இந்தக் கல் நன்றாக உழைக்கிறது. 10 மி.மீ. சாந்து இணைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுவர்ப்பரப்பில் 36 விழுக்காடு திறப்பு. எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேற வழி இருக்கவேண்டும், இல்லையென்றால் எத்தனை கல் பதித்தாலும் அறை புழுங்கும்.

பிரேசிலில் இதற்குக் 'கோபோகோ' என்று பெயர். 1929இல் ரெசிஃபி நகரில் இதை உருவாக்கிய கோயிம்ப்ரா, போக்மான், கோயிஸ் என்ற மூவரின் பெயர்களிலிருந்து முதல் அசைகளை எடுத்துக் கோத்தது. அங்கே அது நிலைத்துவிட்டது. நமக்கு வேலையைச் சொல்லும் பெயர்தான் வேண்டும். 'வளிக்கல்' எப்படி?

மடல் 2 – கட்டுமான மேற்பார்வையாளர், பட்டர்வொர்த்

வணக்கம் தங்கச்சி.

கோணக் கணக்கு சரி. ஆனாலும் வெயிலை மறைப்பதற்கென்றே கட்டிய துளைச்சுவர்களும் உண்டு. எட்வர்ட் டூரல் ஸ்டோன் வடிவமைத்து 1959இல் திறந்த புதுடில்லி அமெரிக்கத் தூதரகத்தில் துளைச்சுவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கிறது. கோலாலம்பூரில் 1963இல் திறந்த நம் நாடாளுமன்றக் கோபுரத்தின் முன்வார்ப்புக் கான்கிரீட் முகப்புக்கும் அதே வேலைதான். இவற்றை 'வெயில்மறை' என்று தனியாகப் பதிவதாக இருந்தால் 'நிழற்கல்'லை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

'வளிக்கல்'லில் வேறு சிக்கல். உள்ளே காற்றுக் குமிழ்கள் அடைத்துச் செய்யும் லேசான கான்கிரீட் கல் இப்போது எல்லாக் கட்டுமான இடத்திலும் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டால் அதைத்தான் நினைப்பார்கள். துளை பெயரிலேயே தெரியவேண்டும். 'பலகணிக்கல்' என்று வைக்கலாம்.

பதிவில் கட்டும் முறையும் வேண்டும். இந்தக் கல்லைச் செங்கல்போல் மாற்றி மாற்றி அடுக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நேரே ஏற்றுகிறோம், இணைப்புகள் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. ஒரு கல் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளாது, ஆகவே சுமை தாங்காது. மேலே லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் போடும் குறுக்குச் சட்டம், தனியாகச் சுமையை எடுக்கவேண்டும். லிண்டலுக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே 10 மி.மீ. விட்டு, அழுத்தினால் அமுங்கும் பொருளால் அடைக்கவேண்டும். அந்த இடத்தையும் சாந்தால் இறுக்கிவிட்டால், நாளடைவில் லிண்டல் சற்றுத் தொய்ந்ததும் சுமை கல்லின்மேல் இறங்கித் துளைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி வெடிக்கும்.

இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை கிடைக் கம்பி வைத்து, முனைகளைப் பக்கத் தூணில் பிணைக்கவேண்டும். பினாங்கில் இதில்தான் தவறு நடக்கிறது. 10 மி.மீ. இணைப்பில் 6 மி.மீ. கம்பி வைத்தால் மேலும் கீழும் 2 மி.மீ. சாந்துதான் மிஞ்சும். கடற்காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பருக்கும், வரிசையோடு கோடாக விரிசல் ஓடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் வேண்டும். செலவைக் குறைக்க நினைத்தால் வேறெதிலாவது குறைக்கட்டும்.

ஒரு நாளில் நான்கைந்து வரிசைக்கு மேல் ஏற்றக்கூடாது, ஈரச் சாந்து பிதுங்கிச் சுவர் சாய்ந்துவிடும். சாந்து, சிமெண்டு ஒன்றுக்கு மணல் நான்கு. சிமெண்டுக் கல்லைத் தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. ஊறி உப்பிய கல் காயும்போது சுருங்கி இணைப்பை விட்டு விலகும். துளையில் விழும் சாந்தை அன்றே துடைக்கவேண்டும், மறுநாள் உளியால் தட்டினால் கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயரும்.

மழையையும் மறக்கக்கூடாது. விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராக் காற்று மழையைப் படுக்கையாக வீசும். தட்டையான துளை அந்தத் தண்ணீரை அப்படியே உள்ளே விடும். துளையின் அடிப்பாகம் வெளிப்பக்கம் சரிந்த கல்லாகப் பார்த்து வாங்கவேண்டும். கல்லைத் தலைகீழாகப் பதித்த சுவர்களும் உண்டு, அங்கே சரிவே தண்ணீரை உள்ளே அனுப்புகிறது.

கொசுவலை அடித்தால் காற்று கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும், தூசு படியப் படிய இன்னும் குறையும். டிங்கி இருக்கும் நாட்டில் வலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. உள்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் மாட்டவேண்டும்.

மடல் 3 – சொற்பட்டியல் தொகுப்பாளர், கோலாலம்பூர்

இருவருக்கும் வணக்கம்.

வெயில்மறையைத் தனியாகப் பிரித்தது மிகச் சரி. அந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்திருந்தால் பட்டியலே கெட்டிருக்கும்.

'பலகணி' பல கண் உடையது என்ற பொருளில் சன்னலுக்கான பழஞ்சொல். கல்லின் வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்று பலர் பால்கனியைப் பலகணி என்று எழுதுகிறார்கள். வீடு பற்றிய பட்டியலில் 'பலகணிக்கல்' என்று கண்டால் பால்கனித் தரையில் பதிக்கும் கல் என்றே படிப்பார்கள்.

சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூர் எடுத்த காதையில் 'மான்கண் காலதர் மாளிகை' என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போலச் சன்னல்கள் அமைந்த மாளிகை. காற்று, அது போகும் வழி இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'அதர்' இருப்பதால் குமிழ் அடைத்த கல்லோடும் குழம்பாது. நான் 'காலதர்க்கல்' பக்கம் நிற்கிறேன். பழகாத சொல் என்ற குறை உண்டு, உடற்காலை நினைப்பவர்களும் இருப்பார்கள். அதனால் முதல் முறை எழுதும்போது 'வெண்ட் பிளாக் எனப்படும் காலதர்க்கல்' என்று சேர்த்தே எழுதுங்கள். கடையில் கல் கேட்கும்போது வெண்ட் பிளாக் என்றே கேளுங்கள், வேறு சொல் அங்கே புரியாது.

பதிவு இப்படி:

காலதர்க்கல்: காற்று ஊடுருவத் துளையிட்டு வார்த்த கல். சுமை தாங்காது. தாழ்ந்த வெயிலை மறைக்காது.
காலதர்ச் சுவர்: காலதர்க்கற்களை நேர் இணைப்பில் அடுக்கி, கம்பியிட்டு, லிண்டலுக்குக் கீழே நிறுத்திய சுவர்.
வெயில்மறை: சன்னலுக்கோ கண்ணாடிக்கோ வெளியே நின்று நேர்வெயிலைத் தடுக்கும் அமைப்பு. துளைச்சுவராகவும் இருக்கலாம், பட்டைகளாகவும் இருக்கலாம்.

மூன்றாவதில் 'பட்டை' என்ற சொல் எனக்கு நிறைவாக இல்லை. அடுத்து வருவது நாக்கோ சன்னல், கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துத் திறக்கும் சன்னல். அந்தத் துண்டுகளுக்கும் பெயர் வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் பேசுவோம். முன்மொழிபவர்கள் பட்டையின் அகலம், இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், சாயும் கோணம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.