ஸ்கேனர் "பேசவில்லை": தமிழில் எப்படி எழுதலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். திங்களன்று செய்முறைத் தாள் அச்சுக்குப் போக வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை ஓ.பி.டி. (வண்டியின் பழுதறியும் அமைப்பு) சாக்கெட்டில், பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியும் எஞ்சின் கணினி பதில் தரவில்லை என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது பாடம். போன ஆண்டு "இணைப்பு இல்லை" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பையன்கள் ஸ்கேனரைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். ஒருவன் அழுத்தியதில் சாக்கெட்டின் முனை ஒன்று உள்ளே போய்விட்டது. பிழை அவனுடையது அல்ல, நான் எழுதிய சொல்லுடையது.

உண்மையில் கோளாறு இரண்டு வகை. ஸ்கேனர் திரையே எரியவில்லை என்றால், 16ஆம் முனைக்கு பேட்டரி மின்சாரம் வரவில்லை, அல்லது 4, 5ஆம் முனைகளில் எர்த் இல்லை. பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ். திரை எரிந்தும் "லிங்க் எரர்" வந்தால் அது வேறு கதை. முதலில் சாவி ஆன் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14ஆம் முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால், வண்டியின் கணினிகள் தங்களுக்குள் பேசும் கேன் கம்பியின் இரு கோடிகளில் உள்ள தடைகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டு கோளாறுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். சாக்கெட்டுக்கும் ஒன்று.

— — —

ஐயா, "நோய்நாடி நோய்முதல் நாடி" என்ற 948ஆம் குறள் இருக்க, வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சாக்கெட்டை "நாடிவாய்" என்போம். மருத்துவர் கை பிடித்துப் பார்ப்பதும் நாடிதானே. அதே குறளில் "வாய்நாடி"யும் வருகிறது.

— — —

ஐயா மன்னிக்க வேண்டும். குறளின் நாடி, "நாடு" என்ற வினையின் எச்சம். கையில் துடிக்கும் நாடியை வடசொல் என்கிறது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. "வாய்நாடி"யில் வாய் என்பது வழி, உபாயம்; துளை அல்ல. "பழுதறிவாய்" என்றாலும் "நீ பழுதை அறிவாய்" என்று படித்துவிடுவார்கள். இலங்கைப் பாடநூல்களில் உள்ள "குதை" நல்ல சொல். வில்லின் நுனியில் நாணைப் பூட்டும் இடம் விற்குதை. "பழுதறி குதை" என்று எழுதுங்கள்.

— — —

ஆம் அம்மா, எங்களுக்குப் பள்ளியிலேயே செருகி, குதை என்றுதான் சொல்லித்தந்தவை. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

— — —

அங்கே விளங்கும். கோவையில் என் பட்டறையில் குதை என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாக்கெட் என்றே இருக்கட்டும். எனக்கு மற்ற இரண்டு சொற்கள்தான் முக்கியம். நாங்கள் "கரண்ட் வரல", "ஈ.சி.எம். பேசல" என்போம்; ஈ.சி.எம். என்பது எஞ்சின் கணினி. அதையே ஒட்டி "மின்வரவு இல்லை", "தொடர்பு இல்லை" என்று போடலாமே. இன்னொன்றும் உண்டு. ஏ.பி.எஸ். (பிரேக்) கணினி பேசும், எஞ்சின் கணினி மட்டும் பேசாது. அப்போது யு0100 என்ற குறியீடு வரும். அதற்குத் "தொடர்பு அறுந்தது" சரியாக இருக்கும்.

— — —

அண்ணா, மிக்க நன்றி. மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். "இணைப்பு" என்ற சொல்லைச் செருகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். சாக்கெட்டுக்கு இப்போதைக்கு "பழுதறி சாக்கெட்" என்று போட்டு, படத்துக்குக் கீழே "குதை" என்றும் குறிக்கிறேன். ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது.

— — —

"பண்புடை யாளர் தொடர்பு" என்று வள்ளுவரே ஆண்ட சொல். தொடர்பை மனமார ஏற்கிறேன். "பழுதறி சாக்கெட்" என்ற ஒட்டை மட்டும் ஏற்க முடியாது. நாடிவாய் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.