கருத்தரிப்பதற்கு முன் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: பிள்ளையின் பிற்கால உடல்நலம் எப்படியிருக்கும்?

மலர்விழி, கோவை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ, அதாவது உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 41-ஐத் தாண்டிவிட்டது. பிசிஓடி என்னும் சினைப்பைக் கோளாறு இருக்கிறது, சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. என் அம்மாவைப் பெற்ற அமுச்சிக்கும் அம்மாவுக்கும் நாற்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது. கருத்தரிப்பதற்கு முன், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்று மருத்துவர் கூறுகிறார். என் மாமியாரோ, வயிற்றில் கத்தி வைத்த பிறகு பிள்ளை பெற்றால் அது நோஞ்சானாகத்தான் பிறக்கும் என்று அஞ்சுகிறார்.

பேறுகாலத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். நான் அறிய விரும்புவது அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி. பத்து வயதிலும் இருபது வயதிலும் அந்தப் பிள்ளையின் உடல்நலம் எப்படியிருக்கும்? எங்கள் குடும்பத்துப் பருமனும் சர்க்கரையும் அதைத் தொடராமல் இருக்குமா, அல்லது ஊட்டக்குறைவால் வேறு தொல்லைகள் வருமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மகப்பேறு மருத்துவர், தஞ்சாவூர்:

அன்புச் சகோதரி, முதலில் பிறப்பு வரையிலான செய்தியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்காலத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஸ்வீடனில் 2006 முதல் 2011 வரை நிகழ்ந்த பிரசவங்களை ஆராய்ந்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. அறுவைக்குப் பின் கருவுற்ற 670 பேரை, அறுவை செய்துகொள்ளாத, ஆனால் அறுவைக்கு முன் இவர்களுக்கு இருந்த அளவு பருமன் கொண்ட தாய்மார்களோடு ஒப்பிட்டார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை 6.8 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறந்த குழந்தைகள் 22.4-க்குப் பதில் 8.6 விழுக்காடுதான். ஆனால் வளர்ச்சி குறைந்து பிறந்தவர்கள் 7.6-இலிருந்து 15.6 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். ஆகவே உங்கள் மாமியாரின் அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆறில் ஐந்து குழந்தைகளுக்கு மேல் அப்படிப் பிறக்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் ஸ்லீவ் அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் முதற்பகுதியை உணவு தவிர்த்துச் செல்ல வைக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதில் அதிகம் பேசப்படுவது கனடாவின் கியூபெக் நகரில் உள்ள லவால் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வுகள்தாம். ஒரே தாய்க்கு அறுவைக்கு முன் பிறந்த பிள்ளைகளையும் பின் பிறந்த பிள்ளைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 2009-இல் வெளியான ஆய்வில் 49 தாய்மார்களின் 111 பிள்ளைகள் இருந்தார்கள். முன் பிறந்தவர்களில் 35 விழுக்காட்டினருக்குக் கடும் பருமன் இருந்தது, பின் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது. 2013-இல் அதே குழுவினர், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களின் மேல் படிந்து அவை வேலை செய்யும் அளவை மாற்றக்கூடிய வேதிக் குறிகள் இவ்விரு சாராரிடமும் வேறுபட்டிருப்பதைக் காட்டினார்கள்.

இதைப் படித்தால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். இருப்பினும் நான் இரண்டு காரணங்களால் தயங்குகிறேன். அந்தத் தாய்மார்கள் செய்துகொண்டது உணவுச் சத்து உட்கிரகிக்கப்படுவதையே பெரிதும் குறைக்கும், குடலில் உணவு செல்லும் பாதையை மாற்றும் கடுமையான அறுவை. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஸ்லீவ் அல்ல. மேலும், தாய்க்கு அறுவை நடந்த வீட்டில் சமையலும் சாப்பிடும் பழக்கமும் மாறிவிடுகின்றன. பிள்ளை மெலிந்திருப்பது கருப்பையால் வந்த பயனா, மாறிப்போன அடுப்படியால் வந்த பயனா என்று பிரித்தறிவது கடினம். ஸ்வீடனில் இதே முறையில் உடன்பிறப்புகளை ஒப்பிட்டு 2013-இல் வந்த ஆய்வில், அறுவைக்குப் பின் பிறந்தவர்கள் பிறப்பின்போது எடை குறைந்திருந்தாலும் 4, 6, 10 வயதுகளில் எடையில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை.

ஆகையால், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பருமன் வராது என்ற உறுதியை நம்பி இந்த அறுவையைச் செய்துகொள்ளாதீர்கள். உங்கள் சர்க்கரைக்காகவும் உங்கள் ஆயுளுக்காகவும் அது தேவைப்பட்டால் செய்துகொள்ளுங்கள். உங்கள் எண்களைப் பார்க்கும்போது தேவை என்றே நான் கருதுகிறேன்.

யாழினியின் அம்மா, சேலம்:

தோழி, நான் ஸ்லீவ் செய்துகொண்ட பிறகு மகளைப் பெற்றவள். அவள் 2.6 கிலோ எடையோடு பிறந்தபோது உறவினர்கள் எலிக்குஞ்சு என்றார்கள்; இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள், வயதுக்கு ஏற்ற உயரமும் எடையும் இருக்கின்றன. ஒருத்தியின் கதையை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். அன்றாடப் பாடு எப்படியிருக்கும் என்பதற்காக எழுதுகிறேன். ஒரு முட்டையும் அரை இட்லியும் தின்றால் வயிறு நிறைந்துவிடும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிட்டேன்.

நம் ஊரில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள் அல்லவா? அந்தத் தம்ளர் உங்கள் கைக்கு வரும்போதே அறுவை நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அறுவை செய்த வயிற்றில் அது விரைந்து குடலுக்குள் இறங்கி, படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரலாம். எனக்கு அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னார்கள்.

உணவியலாளர், மதுரை:

பிள்ளையின் பிற்காலத்தைப் பற்றிக் கேட்கும்போது வைட்டமின் பி12 பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கர்ப்பிணிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பத்தின்போது பி12 குறைந்தும் ஃபோலேட் (ஃபோலிக் அமில மாத்திரை தரும் வைட்டமின்) மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை மிகுதியாக இருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். அவர்கள் அறுவை செய்துகொண்ட பெண்கள் அல்லர். ஆயினும் ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பையின் பெரும்பகுதி போய்விடுவதால் அமிலமும், பி12-ஐ உடல் ஏற்கத் துணைசெய்யும் புரதமும் குறைகின்றன. சைவ உணவு உண்பவராக இருந்து, ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பி12-ஐ மறந்தால், புனேயில் கண்ட அதே நிலையை நாமே உண்டாக்குகிறோம். சர்க்கரை தொடரக் கூடாது என்று விரும்பும் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பி12 ஊசியா மாத்திரையா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லும்.

நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான் என்பதால், தயிர், பருப்பு, மீன் என்று திட்டமிட்டு உண்ண வேண்டும். வைட்டமின் ஏ உள்ள மாத்திரை வாங்கினால் அது பீட்டா கரோட்டின் வடிவில் இருக்கட்டும். ரெட்டினால் வடிவம் அதிக அளவில் கருவுக்குத் தீங்கு செய்யும்.

மலர்விழி, கோவை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பி12 பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? இடையில் கருத்தரித்துவிட்டால் கலைக்க நேரிடுமா?

மகப்பேறு மருத்துவர், தஞ்சாவூர்:

12 முதல் 18 மாதங்கள் காத்திருப்பது நல்லது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் தாயின் உடலே பட்டினியில் இருப்பது போன்றது; எடை நிலைபெற்ற பிறகு கருவுற்றால் குழந்தைக்குச் சேர வேண்டியது சேரும். பிசிஓடி உள்ளவர்களுக்கு எடை குறைந்த சில மாதங்களிலேயே மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு நிற்பது உண்டு. ஆகவே அறுவைக்கு முன்பே காப்பர்-டி போன்ற கருத்தடை முறையை முடிவு செய்துகொள்ளுங்கள். வாந்தி இருக்கும் நாட்களில் கருத்தடை மாத்திரைகளை நம்ப முடியாது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அவை உடலில் சரியாகச் சேராமலும் போகலாம்.

முன்கூட்டியே கருத்தரித்தால், அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. உடனே மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 24-ஆம் வாரத்திற்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் குழந்தையின் வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். விடாத வாந்தி வந்தால் மசக்கை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைந்தால் மூளை பாதிக்கப்படும். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் ஊசி போட வேண்டும் என்பதால், அங்கு போனதும் அறுவை நடந்ததை முதலில் சொல்லுங்கள்.