கிரீஸ் கறையும் போகணும், கையும் மிஞ்சணும்: ஒர்க்‌ஷாப் அனுபவங்கள்

ஒர்க்‌ஷாப் ரோடு, கார் மெக்கானிக்

மதுரை சிம்மக்கல் பக்கம் நான் தொழில் பழகிய பட்டறையில் சாப்பாட்டு நேரம் வந்தால், பாதியாக வெட்டிய ஆயில் டப்பாவில் பெட்ரோல் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு முக்கு முக்கி, வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டுச் சோற்றில் கை வைப்பார்கள். கறை சட்டென்று போய்விடும், அதனால்தான் யாரும் விடுவதில்லை. ஆனால் அங்கிருந்த மூத்த மேஸ்திரி ஒருவருக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து, ரேஷன் கடை மெஷினில் ரேகையே விழாது. ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். பின்னால் நிற்கும் கூட்டம் முணுமுணுக்கும். நல்ல வேலைக்காரர். கியர் பாக்ஸைக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். அந்தக் கைக்கு அந்த நிலை வந்திருக்கக் கூடாது.

பெட்ரோலுக்குக் கிரீஸ் எது, நம் தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசை எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு போகும். தோல் காயும், வெடிக்கும், வெடிப்பில் மறுநாள் அழுக்கு இன்னும் ஆழமாக இறங்கும். போதாததற்கு பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புகை மாசைக் குறைக்க வந்த இன்றைய பி.எஸ். 6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்றுதான் விதி. பென்சீன் ரத்தப் புற்றுநோய் கொடுக்கக்கூடியது. பக்கத்தில் வெல்டிங் ஓடும் இடத்தில் திறந்த டப்பாவில் பெட்ரோல் வைப்பது தனி ஆபத்து.

எனக்கு வழி காட்டியவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு மேஸ்திரி. அவருடைய அலமாரியில் ஒரு பாட்டில் கடலை எண்ணெய், ஒரு டின் அரப்புத் தூள், இரண்டும் எப்போதும் இருக்கும். “தலைக்கு எண்ணெய் தேச்சு அரப்புப் போட்டுக் குளிக்கிறேல்ல, அதே கணக்குதாண்டா கைக்கும்” என்றார். இன்றுவரை நான் செய்வது அதுதான். தண்ணீர் படாத கையில் ஒரு ஸ்பூன் எண்ணெய். நகக்கண், விரல் இடுக்கு, உள்ளங்கை ரேகை என்று நிதானமாகத் தேய்க்க வேண்டும். கிரீஸ் இளகிக் கருப்பாக ஓட ஆரம்பித்ததும் துணியில் துடைத்து, அரப்பைத் தூவிப் பிசைந்து, அதற்குப் பிறகுதான் தண்ணீர், சோப்பு. பெரும்பாலான கிரீஸ், எண்ணெயில் லித்தியம் சோப்பைக் குழைத்துச் செய்வது. அந்தச் சோப்பு தண்ணீரில் கரையாது. எண்ணெயைத்தான் எண்ணெய் இளக்கும். முதலிலேயே கையை நனைத்துவிட்டால் தேய்க்கிற எண்ணெய் கிரீஸிடம் சரியாகப் போய்ச் சேராது.

உசிலை மர இலையை உலர்த்தி இடித்ததுதான் அரப்பு. அதில் சப்போனின் இருக்கிறது, லேசாக நுரைக்கும், எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வரும், தோலை உரிக்காது. சீயக்காயும் அப்படித்தான். ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான ஆக்சில் பூட் கிழிந்து வரும் வண்டிகளில் இருக்கிறதே, மாலிப்டினம் கலந்த அந்தக் கரிய மாலி கிரீஸ், அதற்கு மட்டும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

கப்பலூர், லாரி டீசல் மெக்கானிக்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. கிரீஸைவிட நான் பயப்படுவது ஓடித் தீர்ந்த இன்ஜின் ஆயிலுக்கு. புது ஆயிலுக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். எரிந்த புகைக்கரியும் அதோடு வரும் நச்சுகளும் ஓட ஓட ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும். அது நாள்கணக்கில் தோலில் ஊறினால் தோல் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. லண்டனில் 1775இலேயே ஒரு மருத்துவர், புகைக்கூண்டு துடைக்கும் வேலைக்காரர்களுக்கு விரைப்பையில் வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதிவைத்தார். பிற்பாடு இங்கிலாந்தின் நூல் மில்களில், மெஷின் எண்ணெய் தெறித்துத் தெறித்துத் துணியில் ஊறிய தொழிலாளிகளுக்கும் அதே நோய் வந்தது.

அதனால் என்னிடம் வேலை செய்யும் தம்பிகளிடம் நான் ஒன்றை மட்டும் விடாமல் சொல்வேன்: ஆயில் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் சொருகாதே. தொடையில் நாள் முழுக்க ஊறும். ஆயில் ஊறிய பேன்ட்டையும் துவைக்காமல் மறுநாள் போடக் கூடாது. ஆயில் இறக்கும்போது நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை போடச் சொல்கிறேன். சாதா ரப்பர் கையுறை ஆயில் பட்டால் ஊதி இளகிப்போகும், அது வேண்டாம். சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் கையுறையே கூடாது, இழுத்துவிடும்.

மேலூர்

நான் மெக்கானிக் இல்லை, என் வீட்டுக்காரர் மெக்கானிக். எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து கையிலேயே ஒட்டும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்துவிடுகிறது. அது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று துணி துவைக்கிற தூளைப் போட்டுத் தேய்ப்பார். அது காரம், கை எரியும். நடு இரவில் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது பாத்திரம் கழுவும் லிக்விடுக்கு மாறிவிட்டோம். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது. கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைப்பேன்.

வேலைக்குப் போவதற்கு முன் குளியல் சோப்பை நகத்தால் நன்றாகப் பிறாண்டச் சொல்வேன். நகக்கண் சோப்பால் அடைத்துக்கொள்ளும், கிரீஸ் உள்ளே போகாது, சாயங்காலம் பிரஷ்ஷால் தேய்த்தால் சோப்போடு வந்துவிடும். படுக்கும்போது தேங்காய் எண்ணெய். எங்கள் பாப்பாவுக்கு அவர் கை சுரசுரப்பு பிடிக்காது, தூக்க வந்தாலே விலகுவாள். இப்போது அவரே சோறு ஊட்டுகிறார்.

திருமங்கலம், டூவீலர் பட்டறை

அக்கா சொன்ன நகக்கண் விஷயம் அருமை, நாளையிலிருந்து பையன்களுக்குச் சொல்கிறேன். அரப்பு கிடைக்காத நாளில் நாங்கள் மரத்தூள் போடுவோம். சலித்த, மெல்லிய தூள்தான் எடுக்க வேண்டும், சிலாம்பு இருந்தால் குத்தும். சர்க்கரையும் வேலை செய்யும். மணல் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அதற்குள்தான் ஆயில் இறங்கும். பேட்டரி ஆசிட் பட்ட கைக்கு இதில் எதுவும் கூடாது, குழாயைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

கப்பலூர், லாரி டீசல் மெக்கானிக்

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கிரீஸ் கன் அடிக்கும்போது நுனி நழுவி, கிரீஸ் விரலுக்குள் பாய்ந்துவிட்டால் அது கழுவுகிற விஷயமே இல்லை. வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே அழுத்தத்தில் கிரீஸ் பரவி ரத்த ஓட்டத்தை அடைத்து, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். டீசல் இன்ஜெக்டரை டெஸ்ட் பண்ணும்போது பீச்சும் டீசலும் அப்படித்தான். பிதுக்கிவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், “கிரீஸ் கன் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது” என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். வெறும் குத்துக்காயம் என்று சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். அன்றைக்கே கீறிச் சுத்தம் செய்தால்தான் விரல் தப்பும்.